பள்ளிக்கூடப் பயம்: ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கு வகுப்பில் எதை மாற்றலாம்? (குமரி மாவட்டம்)

#1 வேளிமலை (சிறப்பாசிரியர்)

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரே கேள்வி பல வாயிலிருந்து வரும். "காலைல வயிறு வலிக்குன்னு அழுகான். கொண்டு விடவா, வீட்டிலயே நிறுத்தவா?" ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமை, அளவுமீறிய துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் விஷயத்தில் இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. பயம் எதன்மேல் என்று தெரியாமல் கொண்டு விடுவதும் தப்பு, நிறுத்துவதும் தப்பு. அதைக் கண்டுபிடிக்கிற வழிகளையும், கண்டுபிடித்த பிறகு வகுப்பில் செய்யவேண்டியதையும் இந்த இழையில் சேர்ப்போம்.

முதல் வேலை பதிவு. இரண்டு வாரம், ஒரு நோட்டில் நாலு கட்டம்: நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, பெரியவர்கள் செய்தது. "முரண்டு பிடித்தான்" என்று எழுதாதீர்கள். "காதைப் பொத்தினான், பெஞ்சுக்கு அடியில் போனான், பத்து நிமிடம் பேசவில்லை" என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். நாலாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விஷயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இரண்டு வாரத்தில் ஏதோ ஒரு கோலம் தெரியும். திங்கள் மட்டும் மோசம் என்றால் விடுமுறையிலிருந்து திரும்புவது சிரமம். செவ்வாயும் வியாழனும் என்றால் டைம்டேபிளை எடுத்துப் பாருங்கள், அன்றைக்கு வாசிப்பு பீரியடோ பி.டி. பீரியடோ இருக்கும். தினமும் மதியம் என்றால் சாப்பாட்டு இடம். பள்ளியில் அமைதி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் வெடிப்பு என்றால், பிள்ளை நாள் முழுக்க அடக்கிவைத்திருக்கிறது. இந்தக் கடைசி வகையைத்தான் "இங்க ஒரு பிரச்சினையும் இல்லையே, நீங்க செல்லம் குடுக்கீங்க" என்று பள்ளி தள்ளிவிடுகிறது.

வயிற்றுவலியை நடிப்பு என்று எடுக்கவேண்டாம். பள்ளிக் கழிவறைக்குப் பயந்து அடக்குகிற பிள்ளைக்கு மலச்சிக்கல் உண்மையிலேயே இருக்கும். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

#2 தேரூர்_டீச்சர்

நல்ல இழை. ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாலு கட்டம் எழுத டீச்சருக்கு நேரம் இருக்காது. வகுப்புக்கு ஒரு துண்டுத்தாள் போதும்: எட்டு பீரியடுக்கு எட்டுக் கட்டம், மூன்றே குறி. சரி என்றால் டிக், சிரமம் என்றால் கோடு, நிலைகுலைந்தால் வட்டம். பின்னால் ஒரு வரி எழுத இடம். நோட்டு வீட்டில் இருக்கட்டும், தாள் பையில் போய்வரட்டும்.

இன்னொன்று. தாளைப் பிள்ளை பார்க்கிற மாதிரி மேசைமேல் வைத்து வட்டம் போட்டால் அதுவே புதுப் பயமாகிவிடும். மாலையில் பிள்ளை கிளம்பிய பிறகு போடுங்கள்.

#3 ஓ.டி_மார்த்தாண்டம்

நான் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) பக்கமிருந்து எழுதுகிறேன். பயம், புலன் கூச்சம் (சத்தம், மணம், தொடுதல் அளவுக்கு மீறி உறுத்துவது) இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும். வைத்தியம் நேர் எதிர். பயம் சிறிது சிறிதாகப் பழகினால் குறையும். காதில் ஊசி குத்துகிற மாதிரி சத்தத்தை உணர்கிற பிள்ளையைத் தினமும் அந்தச் சத்தத்தில் நிறுத்தினால், கூச்சம் அப்படியே இருக்கும், அதன்மேல் பயமும் ஏறும். அதனால் முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு பிள்ளையைப் பழக்குங்கள்.

நம்ம ஊர்ப் பள்ளிகளில் பார்க்கவேண்டியவை:

காலை அசெம்பிளி. ஸ்பீக்கர் கம்பம் எங்கே என்று பார்த்து அதற்கு எதிர் முனையில், வரிசையின் கடைசியில், ஓரத்தில் நிறுத்துங்கள். அதுவும் தாங்கவில்லையென்றால் அந்தப் பத்து நிமிடம் சாக்பீஸ் எடுத்துவைப்பது, வருகைப் பதிவேடு கொண்டுபோவது என்று உண்மையான ஒரு வேலை கொடுங்கள்.

தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மழை பிடித்தால் டீச்சர் குரலே கேட்காது. அந்தப் பிள்ளைக்கு மழை தொடங்கியதும் போக ஒரு கான்கிரீட் கூரை அறை முன்கூட்டியே முடிவாகியிருக்கவேண்டும்.

மணி. மணியடிக்க இரண்டு நிமிடம் முன்னால் டீச்சர் மேசையைத் தொட்டு ஒரு சைகை காட்டினால் போதும். திடுக்கிடலில் பாதி போய்விடும்.

சாப்பாடு. நெரிசல், பாத்திரச் சத்தம், பல கறி மணம் ஒன்றாகச் சேரும் இடம் அது. ஐந்து நிமிடம் முன்னால் அனுப்பி, சுவர் ஓரமாக உட்காரவைக்கலாம். காலை உணவுத் திட்டத்தில் உப்புமா குழைந்திருந்தால் சில பிள்ளைகள் வாயில் வைக்கமாட்டார்கள். அது பிடிவாதமல்ல, அந்தப் பதம் அவர்களுக்கு ஓங்கரிப்பைத் தரும். ஊட்டிவிட்டுப் பழக்க முயலவேண்டாம். வீட்டிலிருந்து காய்ந்த பதத்தில், புட்டு மாதிரி ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

சீருடை. காலர் லேபிளைத் தையலோடு பிரித்து எடுக்கவேண்டும். கத்தரித்தால் மிச்சம் இன்னும் குத்தும். புதுச் சட்டையை நாலைந்து முறை துவைத்த பிறகு போடுங்கள். காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டால் விரல் பக்கத் தையல் உறுத்தாது.

#4 குழித்துறை_அப்பா

காதுமூடி வாங்கிக் கொடுக்கலாமா சார்? நாள் முழுக்கப் போட்டுவிட்டால் பழகிப்போய் அது இல்லாமல் இருக்கமுடியாமல் ஆகிவிடாதா? மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே.

#5 ஓ.டி_மார்த்தாண்டம்

நியாயமான கேள்வி அண்ணா. நாள் முழுக்கப் போடவே கூடாது. எப்போதும் அமைதியில் இருந்தால் சாதாரணச் சத்தமும் பெரிதாகத் தோன்றத் தொடங்கும். அசெம்பிளி, சாப்பாடு, ஆண்டுவிழா ஒத்திகை, திருவிழா வெடி என்று நேரம் சொல்லிக் கொடுங்கள், முடிந்ததும் கழற்றி பையில் வைக்கவேண்டும். கடையில் 20 முதல் 25 டெசிபல் குறைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் வகை போதும். முழு ஒலியையும் அடைப்பது வேண்டாம், டீச்சர் கூப்பிடுவது கேட்கவேண்டும். முதலில் வீட்டில் ஐந்து நிமிடம், பிடித்த வேலை செய்யும்போது போட்டுப் பழக்குங்கள்.

கேலியைப் பொறுத்தவரை, வகுப்பில் மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளை இருக்கும். "அவனுக்குக் கண்ணுக்கு, இவனுக்குக் காதுக்கு" என்று டீச்சர் ஒரு தடவை சாதாரணமாகச் சொன்னால் போதும். பெரிய விளக்கவுரை நடத்தினால்தான் கேலி கூடும். நோயின் பெயரைச் சொல்வதா என்பது பெற்றோரும் பிள்ளையும் முடிவெடுக்கவேண்டியது, டீச்சர் தானாகச் சொல்லக்கூடாது.

#6 முட்டம்_கடலோரம்

எங்க பக்கம் பெரிய தொந்தரவு திடீர் லீவுதான். மழைக்கு கலெக்டர் விடியக்காலையில் லீவு அறிவிப்பார். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, அதோடு ஓணம் வேறு. ஒரு நாள் லீவுக்குப் பிறகு மறுநாள் "போவமாட்டேன்" என்று ஒரே பிடியில் நிற்கிற பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

#7 வேளிமலை

படக்கால அட்டவணை (அன்றைய வேலைகளை வரிசையாகப் பட அட்டைகளில் காட்டும் பட்டை) வைத்திருக்கிறீர்களா அக்கா? இல்லையென்றால் செய்முறை இது.

5 சென்டிமீட்டர் சதுர அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே ஒரே சொல். படம் அந்தப் பள்ளியின் சொந்தப் போட்டோவாக இருந்தால் நல்லது. இணையத்தில் எடுத்த கார்ட்டூன் கழிவறை, பிள்ளை தினமும் பார்க்கிற கழிவறை மாதிரி இருக்காது. லேமினேட் செய்து பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். பட்டையில் ஒரே நேரத்தில் நாலிலிருந்து ஆறு அட்டைக்கு மேல் வேண்டாம். முடிந்த அட்டையைப் பிள்ளையே எடுத்து "முடிந்தது" உறையில் போடவேண்டும். சின்னப் பிள்ளைக்கு இரண்டே போதும்: முதலில் கணக்கு, பிறகு ஊஞ்சல்.

இதில் எல்லோரும் விடுவது மாற்ற அட்டை. மஞ்சள் நிறத்தில் ஒரு வெற்று அட்டை. அது வந்தால் "நினைத்தது மாறும், ஆனாலும் அடுத்து என்ன என்று தெரியும்" என்று பொருள். இதைக் கெட்ட செய்திக்கு மட்டும் பயன்படுத்தினால் அந்த நிறத்தைப் பார்த்தாலே பதறும். முதல் இரண்டு வாரம் நல்ல மாற்றத்துக்குப் பயன்படுத்துங்கள்: பருப்புக்குப் பதில் முட்டை, எழுத்துக்குப் பதில் விளையாட்டு. பிறகு மழை லீவுக்கு வரலாம்.

உள்ளூர் விடுமுறைகள் முன்பே தெரிந்தவை. மாத நாட்காட்டியில் வட்டம் போட்டு, "லீவுக்கு மறுநாள் பள்ளி" என்ற அட்டையையும் அன்றைக்கே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் இரவே இரண்டு பட்டை தயாராக இருக்கட்டும், ஒன்று பள்ளி நாள், ஒன்று மழை நாள். காலையில் அறிவிப்பு வந்ததும் பட்டையை மாற்றுவது பிள்ளையின் வேலை. மழை நாள் பட்டையிலும் ஒரு பீரியட் பாடம், சீருடை மடித்து வைத்தல், பை அடுக்குதல் இருக்கவேண்டும். முழுநாளும் போன் என்றால் மறுநாள் பள்ளி தோற்றுப்போகும்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ("நாளைக்கு பி.டி. சார் வருவாரா?") ஒரு முறை தெளிவாகப் பதில் சொல்லுங்கள். அடுத்த முறை பேசாமல் பட்டையைக் காட்டுங்கள். இருபது முறை ஆறுதல் சொன்னால், ஆறுதல் இல்லாமல் இருக்கமுடியாத நிலைதான் வளரும். தெரியாததற்கு "வருவார்" என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். "வந்தால் பந்து, வராவிட்டால் நூலகம்" என்று இரண்டையும் சொல்லுங்கள்.

#8 தேரூர்_டீச்சர்

வெளியேறும் அட்டை (தாங்கமுடியாதபோது பிள்ளை எடுத்துக் காட்டிவிட்டு, சிறிது நேரம் வகுப்பை விட்டுப் போகிற அட்டை) பற்றி யாராவது எழுதுங்களேன். என் அனுபவத்தில் மற்ற டீச்சர்கள் எதிர்ப்பது இதைத்தான். "ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பான், கணக்கு பீரியட் வந்தாலே எந்திச்சுப் போவான்" என்கிறார்கள்.

#9 பழையாறு (பள்ளி ஆலோசகர்)

டீச்சர், அவர்கள் சொல்வதில் பாதி சரி. விதி இல்லாமல் கொடுத்தால் தப்பிக்கும் வழியாகிவிடும். விதியோடு கொடுத்தால் வகுப்பில் தங்கும் நேரம் கூடும், ஏனென்றால் வெளியே போக முடியும் என்று தெரிந்த பிள்ளைக்கு ஓடவேண்டிய அவசரம் இல்லை.

அட்டை மேசை மூலையில் ஒட்டியிருக்கும். பேசவேண்டாம், எடுத்துக் காட்டினால் போதும். போகும் இடம் ஒன்றே ஒன்று: நூலக மூலை அல்லது அலுவலகத்துக்குப் பக்கத்து நாற்காலி. நாலடிக்கு நாலடி இடம், ஒரு பாய், முதுகுக்குச் சுவர், தண்ணீர், கையில் பிசைய ஏதாவது ஒன்று. போன் கூடாது, பேச்சுக்கொடுக்கும் ஆள் கூடாது. ஐந்து நிமிட மணல் கடிகாரம் அல்லது டைமர். முடிந்ததும் திரும்பி வந்து, விட்ட வேலையின் சின்னப் பகுதியைச் செய்யவேண்டும், ஐந்து கணக்கு என்றால் ஒன்று. தப்பிக்கும் வழியாவதை இந்தக் கடைசி விதிதான் தடுக்கிறது.

பழக்குவது அமைதியாக இருக்கும்போது. தினமும் இரண்டு தடவை ஒத்திகை, ஒரு வாரம். முதல் மூன்று வாரம் எத்தனை முறை காட்டினாலும் அனுப்புங்கள், ஒரு தடவை மறுத்தாலும் நம்பிக்கை உடையும். பிறகு ஒரு நாளைக்கு நாலு அட்டை என்று எண்ணிக் கொடுக்கலாம். கணக்கு பீரியடில் மட்டும் நாலும் தீர்ந்துபோகிறதா? அப்படியானால் சிக்கல் கணக்கில், அட்டையில் அல்ல. பாடத்தைப் பாருங்கள்.

இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். தண்டனையாக அட்டையைப் பிடுங்குவது ஒன்று. "இப்ப நல்லா இருக்கானே, இனி எதுக்கு" என்று ஒரு மாதத்தில் நிறுத்துவது இன்னொன்று. நன்றாக இருப்பதே அட்டை இருப்பதால்தான்.

#10 குழித்துறை_அப்பா

மூன்று வாரமாகப் பள்ளிக்கே போகாத பிள்ளை என்றால்? வேனில் தூக்கிப்போட்டு அனுப்பு என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

#11 பழையாறு

தூக்கிப்போட்டு அனுப்பவே அனுப்பாதீர்கள். வேன் நகரும்போது இறங்க முயலும் ஆபத்து ஒரு பக்கம். அடுத்த நாள் வீட்டை விட்டே வெளியே வராது என்பது இன்னொரு பக்கம். அதேபோல "தானா சரியாகட்டும்" என்று காத்திருப்பதும் வேண்டாம். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு வாரமும் திரும்புவதைக் கடினமாக்கும்.

முதலில் நாலு காரணத்தை விலக்குங்கள்: யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, பாடம் புரியாமல் இருக்கிறதா, மேலே சொன்ன புலன் தொந்தரவா. இதில் ஒன்று இருந்தால் அதைத் தீர்க்காமல் படி ஏற்றவேண்டாம்.

பிறகு படிகள். முதல் படி, சனிக்கிழமை காலியான பள்ளியில் தன் இடத்தில் பத்து நிமிடம். அடுத்தது, பள்ளி நாளில் எல்லோரும் போன பிறகு டீச்சரைப் பார்த்துவிட்டு வருவது. அதற்கு அடுத்தது கடைசி பீரியட் மட்டும். காலையிலிருந்து தொடங்காமல் கடைசியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு: அசெம்பிளி இல்லை, நுழைவாயில் நெரிசல் இல்லை, எல்லோரோடும் சேர்ந்தே வீட்டுக்குக் கிளம்பலாம், பாதியில் போகிற அவமானம் இல்லை. அப்புறம் கடைசி இரண்டு பீரியட், மதியத்துக்கு மேல் முழுவதும், அசெம்பிளி முடிந்த பிறகு காலை, கடைசியாக முழுநாள்.

ஒவ்வொரு படியிலும் பிள்ளை தன் பயத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லட்டும். எண் பாதியாகும்வரை அதே படி. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள். எண் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு உடம்பைக் கேளுங்கள்: கை குளிருதா, நெஞ்சு அடிக்குதா, வயிறு இறுகுதா. ஆட்டிசம் உள்ள பலருக்கு "பயம்" என்ற உணர்வைப் பெயர் சொல்லத் தெரியாது, உடம்பைச் சொல்லத் தெரியும். எட்டுக்கு மேல் போகிற படி தவறான படி, இரண்டாக உடையுங்கள். கிளம்புவது சொன்ன நேரத்தில், அழுகிற நேரத்தில் அல்ல. முன்பே கிளம்பவேண்டி வந்தால் மறுநாள் குறைந்த நேரத்துக்கு ஒப்புக்கொண்டு அதை முடித்துவிட்டு வாருங்கள்.

பள்ளி நேரத்தில் வீட்டில் டிவி, போன் இல்லை. தண்டனையாக அல்ல, அது பாட நேரம் என்பதால்.

ஒரு விலக்கு. பேச்சு குறைந்து, தூக்கம் கெட்டு, முன்பு தானாகச் செய்த குளியல், உடை, சாப்பாடு எல்லாம் போய்விட்ட பிள்ளைக்கு இந்தப் படிகள் வேண்டாம். அது சோர்ந்து விழுந்த நிலை. ஓய்வும் மருத்துவரும் முதலில். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு, மனநலப் பிரிவு இரண்டும் இருக்கின்றன. சாவைப் பற்றிப் பேசினால், தன்னைக் காயப்படுத்தினால் காத்திருக்கவேண்டாம்: டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, எந்த நேரமும். பள்ளியில் யாராவது துன்புறுத்துவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

#12 தேரூர்_டீச்சர்

வகுப்புப் பக்கத்துச் சில சின்ன விஷயங்களைச் சேர்க்கிறேன்.

டிஸ்லெக்சியா பிள்ளையை ரோல் நம்பர் வரிசையில் சத்தமாக வாசிக்கச் சொன்னால், தன் முறை வரும்வரை அது ஒரு வரியும் கேட்காது, எண்ணிக்கொண்டே இருக்கும். நாலு வரியை முந்தின நாளே அடையாளம் போட்டு அனுப்பி, மறுநாள் அந்த நாலு வரியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஏ.டி.எச்.டி. பிள்ளையின் பயம் பெரும்பாலும் "எழுதி முடிக்கல" என்பதைச் சுற்றித்தான். கரும்பலகையில் பத்து வரி என்றால் மூன்று வரியை எழுதட்டும், மீதியை போட்டோ எடுத்த தாளாக ஒட்டிக்கொடுங்கள். வீட்டுப்பாடம் இருபது நிமிடம். எங்கே நின்றதோ அங்கே அம்மா கையெழுத்து. முழு வகுப்பு முன்னால் "இன்னைக்கும் முடிக்கலியா?" என்று கேட்பதை மட்டும் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை இருந்தால் "உள்ளேன் டீச்சர்" சொல்ல வற்புறுத்தவேண்டாம். கை தூக்கினால் வருகை. பேசிய அன்றைக்கு "அட, பேசிட்டாளே!" என்று கைதட்டவும் வேண்டாம், மறுநாள் மறுபடி மூடிக்கொள்ளும்.

#13 முட்டம்_கடலோரம்

ஏ.டி.எச்.டி. மருந்து எடுத்தால் பயம் கூடுமா? பாதிப்பேர் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

#14 பழையாறு

சிலருக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏ.டி.எச்.டி. மருந்து தொடங்கும்போது படபடப்பு கூடலாம். சிலருக்கு வேலை முடிவதால் பயமே குறையும். இரண்டும் நடக்கும் அக்கா. குறுகிய நேர மாத்திரை சுமார் நாலு மணி நேரம் வேலை செய்யும், பசியைக் குறைக்கும், அதனால் மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரலாம். காலையில் மாத்திரைக்கு முன் நன்றாகச் சாப்பிடவையுங்கள், மாலையிலும் சத்தானது கொடுங்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தது, எத்தனை மணிக்கு மாற்றம் தெரிந்தது என்று #1-இல் சொன்ன நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது அவர் வேலை.

#15 ஓ.டி_மார்த்தாண்டம்

நிலைகுலைந்த நேரத்துக்கு ஒரு குறிப்பு, டீச்சர்கள் கேட்டதால். கத்தி, உதைத்து, தலையை முட்டுகிற பிள்ளைக்கு அப்போது காதில் சொல் ஏறாது. ஒரே ஆள் பேசவேண்டும், மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்: "நான் இருக்கேன். பாதுகாப்பு." மற்ற பிள்ளைகளை வெளியே எடுங்கள், இந்தப் பிள்ளையை இழுக்காதீர்கள். இரண்டு கை தூரம் விட்டு, பக்கவாட்டில், அதன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லவேண்டாம். தலை முட்டும் இடத்தில் பையையோ மடித்த பாயையோ வையுங்கள். சத்தம் அடங்கியதும் முடிந்துவிட்டது என்று நினைத்து உடனே பாடத்துக்கு இழுத்தால் இரண்டாவது அலை வரும். அரைமணி நேரமாவது விடுங்கள். "ஏன் செஞ்சே?" என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம்.

மூச்சுப் பயிற்சி (நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது) அமைதியான நேரத்தில் தினமும் பழகியிருந்தால் மட்டும், பதற்றம் தொடங்கும்போது உதவும். உச்சத்தில் சொல்லிக்கொடுத்தால் எரிச்சல்தான்.

#16 குழித்துறை_அப்பா

இவ்வளவும் கேட்டால் "இது எங்க ஸ்கூல்ல நடக்காது, சிறப்புப் பள்ளிக்குக் கொண்டு போங்க" என்கிற தனியார் பள்ளிக்கு என்ன பதில் சொல்வது?

#17 வேளிமலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16. அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் பொருந்தும்: பாகுபாடு இல்லாமல் சேர்க்கவேண்டும், அந்தப் பிள்ளைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்யவேண்டும். அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 தடுக்கிறது. சண்டையாக ஆரம்பிக்காமல், மூன்றே மூன்று மாற்றங்களை எழுதி, மருத்துவர் கடிதத்தோடு தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மூன்று என்றால் செய்வார்கள், பதினைந்து என்றால் ஒன்றும் நடக்காது. பதில் இல்லையென்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, அதற்கு மேல் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்.

அரசுப் பள்ளி என்றால் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். அகஸ்தீஸ்வரம் முதல் மேல்புறம் வரை ஒன்பது ஒன்றியம். எழுத்தாகக் கேளுங்கள்.

சான்றிதழ்: சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. ஏ.டி.எச்.டி. தனிப்பெயராக இல்லை, அதனால் கூட வேறு ஏதாவது இருக்கிறதா என்று முழு மதிப்பீடு கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். ஒன்பதாம் வகுப்பிலேயே தாள்களைச் சேருங்கள். எழுதுபவரோடு உட்கார்ந்து பழகாத பிள்ளைக்குத் தேர்வறையில் புது ஆளே புதுப் பயம், அதனால் காலாண்டு, அரையாண்டிலேயே ஒத்திகை வேண்டும்.

#18 முட்டம்_கடலோரம்

ஜூனில் டீச்சர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறதே, அதற்கு என்ன?

#19 தேரூர்_டீச்சர்

ஒரு பக்கத் தாள் அக்கா, ஏப்ரலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பழைய டீச்சர் எழுதினால் புது டீச்சர் நம்புவார். மேலே பிள்ளையின் போட்டோ, பிடித்த மூன்று விஷயம். நடுவில்: பதற்றம் தொடங்கும் அறிகுறி (சட்டை நுனியைக் கடிப்பது, ஒரே கேள்வி), அப்போது செய்யவேண்டியது, செய்யக்கூடாதது. கீழே அம்மா அல்லது அப்பா போன் எண். நோயைப் பற்றிய விளக்கம் வேண்டாம், அதை யாரும் வாசிப்பதில்லை. மூன்று நகல்: வகுப்பாசிரியரிடம் ஒன்று, மாற்று டீச்சர் வந்தால் பார்க்கிற மாதிரி வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் ஒன்று, வேன் டிரைவர் அண்ணனிடம் ஒன்று. டிரைவருக்குத் தனியாக இரண்டு வரி சேருங்கள்: இவனுக்கு டிரைவருக்கு நேர் பின் சீட், ஏற்றுவது கடைசி, இறக்குவது முதல், பாட்டுச் சத்தம் குறைவாக. பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் புது வகுப்பறையையும் புது டீச்சரையும் ஒரு தடவை நேரில் காட்டி, போட்டோ எடுத்து, பட்டையில் முதல் அட்டையாக ஒட்டிவிடுங்கள்.